யாரும் போடாத சோறு

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் பயறு டீச்சர். இத்தனைக்கும் அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. மண் பரிசோதனை அலுவலகத்தில் செடிகள் பிரிவில் வேலை. ஆனால் ஒரு முறை அவளிடம் அகப்பட்டவர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள், சொல்லுங்கள்! காய்கறிக் கடைக்கு அரைக் கிலோ பட்டாணி வாங்கப் போவாள். ஒரு காயைப் பிளந்து, விதைகள் எல்லாம் ஒரே ஓரத்தைப் பிடித்துத் தொங்குவதைக் கடைக்காரருக்குக் காட்டுவாள். "இந்தக் காய் ஒண்ணு போதுங்க, எந்தக் குடும்பம்னு கண்ணை மூடிட்டுச் சொல்லிடலாம்" என்று ஆரம்பிப்பாள். பின்னால் நிற்பவர்கள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொள்வார்கள். அவள் நிறுத்தினால்தானே!

அவள் புருஷன் பேருந்துப் பணிமனை கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். அவருக்கு வேறு மாதிரி வியாதி. ஆளைப் பார்த்ததும் "சாப்டீங்களா?" என்பார். சாப்பிட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டார். வீட்டுப் பூனை அவர் கைங்கரியத்தில் ஊதிப்போய், சுவரேறத் தெரியாமல் கதவருகே நின்று கத்தும். மகள் வேலைக்காக வேறு ஊரில் இருந்தாள். வாரம் தவறாமல் பேருந்து ஓட்டுநர் ஒருவர் கையில் அவளுக்குச் சாப்பாட்டுத் தூக்கு போகும். "அப்பா, இந்த ஊர்லயும் அடுப்பு எரியுதுப்பா" என்று அவள் போனில் சொல்லாத வாரம் இல்லை. அவர் காதில் வாங்கினால்தானே!

இப்படி ஒருத்தி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துக்கொண்டும், ஒருவர் ஊருக்கெல்லாம் ஊட்டிக்கொண்டும் நிம்மதியாகத்தான் இருந்தார்கள். அந்த நிம்மதிக்குத் தலைமேல் ஒரு மேடு இருந்தது.

தெரு முடிகிற இடத்தில் நின்றது அது. கல்குவாரி மூடியபோது விட்டுப்போன கழிவு. உடைந்த கல்லும் கல்தூளும் உயிரில்லாத மண்ணும் குவிந்து, மூன்று படிகளாக ஏறி, வீடுகளுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. மழை வந்தால் சேறு கரைந்து நேராக வாசற்படி தாண்டி உள்ளே வரும். எதிர்வீட்டுத் தையல்காரியின் மெஷின் மழைக்காலம் முழுக்கக் கட்டில்மேல்தான் குடித்தனம் நடத்தும். அவள் தரையில் படுப்பாள். போன மழைக்கு ஒரு வீட்டின் பின்சுவரே சரிந்தது. அதற்குப் பிறகு நகர அலுவலகம் விழித்துக்கொண்டது. தெருவையே காலி பண்ணிவிட்டு, எல்லாரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிடுவது என்று பேச்சு கிளம்பியது.

மறுநாள் காலையிலேயே பயறு டீச்சர் நகரப் பொறியாளரின் அறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். பொறியாளரும் ஒரு பெண்மணிதான். கறார் பேர்வழி. சிரிப்பைச் செலவழிப்பதில் மகா சிக்கனம்.

"ஒரே ஒரு பருவம் குடுங்க மேடம். அந்த மேட்டைப் பச்சை பிடிக்க வெச்சுக் காட்டறேன். வேர் இறங்கிட்டா மண் நகராது. மண் நகரலேன்னா தெருவும் நகர வேண்டாம்."

"செடி வைக்கிறது பெரிசில்லம்மா" என்றார் பொறியாளர். "அதுக்கப்புறம் வருஷா வருஷம் அங்க உரம் கொட்ட என்கிட்ட ஆள் கிடையாது. அந்த மண்ணுல சத்து ஒரு துளி கிடையாது. எந்தச் செடி அங்க சோறில்லாம நிக்கும்?"

"தன் சோத்தைத் தானே பொங்கிக்கற செடி நிக்கும்."

இதை அவள் சொன்ன தோரணையில், பக்கத்து நாற்காலியில் இருந்த பூங்கா அதிகாரி சிரித்துவிட்டார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அழகுக்கு அடிமை. "கொன்றை வைக்கலாமே" என்றார். "அதுவும் உங்க அவரைக் குடும்பம்தானே? மஞ்சளாப் பூத்துக் குலுங்கும். கண்ணுக்கும் குளிர்ச்சி."

அவ்வளவுதான். டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"குடும்பம் ஒண்ணுதான் சார், இல்லேங்கல. காயைப் பார்த்தா அண்ணன் தம்பின்னு யாரும் சொல்லிடுவாங்க. ஆனா ஒரே வீட்டுல பொறந்தவங்க எல்லாரும் ஒரே மாதிரியா உழைக்கறாங்க? இந்தக் குடும்பத்துல பழைய கணக்குப்படி பெரிய கிளை மூணு. பட்டாணி, அவரை, தட்டைப்பயறு எல்லாம் ஒரு கிளை. பூ பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். தொட்டாச்சிணுங்கி, ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போடறோமே அந்தச் சவுண்டல் மரம் எல்லாம் இன்னொண்ணு. பூவே தெரியாது, பஞ்சு உருண்டை மாதிரி, மகரந்தம் தாங்கற கேசரம்தான் தெரியும். உங்க கொன்றையும் புளியும் மூணாவது கிளை. பெரிய பெரிய இதழா விரிச்சுக்கிட்டு நிக்கும். முதல் ரெண்டு கிளையிலயும் அநேகமா எல்லாத்துக்கும் வேர்ல முடிச்சு இருக்கும். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா உக்காந்து, காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சுச் செடிக்குச் சமைச்சுப் போடும். உங்க கொன்றைக்கு வேர்ல ஒரு முடிச்சு கிடையாது. மாப்பிள்ளை மாதிரி ஜோரா நிக்கும். சோறு நாமதான் போடணும்."

இந்த மூன்று கிளைக் கணக்கை இப்போது அறிஞர்கள் கலைத்துப்போட்டு வேறு மாதிரி பங்கு பிரித்துவிட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். குடும்பம் என்றிருந்தால் பாகப்பிரிவினை இல்லாமலா? அதையும் விளக்க வாயெடுத்தாள். பொறியாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு பருவம். பூ எடுக்கிற சமயத்துல நான் வந்து பார்ப்பேன். உரம் இல்லாம தானா பொழைச்சிருந்தா மேடு முழுக்க நீங்க சொன்னபடி செய்யலாம், தெரு இருக்கும். இல்லேன்னா காலி. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"நிக்கமாட்டேன்" என்றாள் டீச்சர். தெருவில் இருக்கிற அத்தனை வீட்டையும் தன் வாயால் பணயம் வைத்துவிட்டு வந்தோமே என்று அவளுக்குக் கொஞ்சமும் நடுக்கமில்லை. அவள் சுபாவம் அப்படி.

வேலை மளமளவென்று நடந்தது. சரியான பாக்டீரியா கலந்த பொடியை அலுவலகத்திலிருந்து வாங்கி வந்தாள். மேட்டுக்கு அவள் தேர்ந்தெடுத்தது தட்டைப்பயறும் சவுண்டலும். தட்டைப்பயறுக்கு ஒரு பொடி, சவுண்டலுக்கு வேறு ஒன்று. ஒன்றுக்கானதை இன்னொன்றுக்குப் போட்டால் வேலைக்காகாது. புருஷனின் கேன்டீனிலிருந்து ஆறிய கஞ்சி வந்தது. அதில் பொடியைக் குழைத்து விதைமேல் பூசி, தையல்காரி வீட்டுத் திண்ணை நிழலில் பரப்பி உலர்த்தினார்கள். தெருவே ஏறி விதைத்தது. கீழ்ப்படிக்கும் நடுப்படிக்கும் வண்டிப் பாதை உண்டு. மேல்படிக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஏறினாள். புருஷன் கீழே நின்று, இறங்கி வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு முழங்கால் வலி. நாலு படிக்கட்டு ஏறினாலே முகம் சுருங்கும்.

விதை முளைத்தது. முளைத்து நாலு இலை விட்டதும், அத்தனையும் வெளுத்துப்போய் நின்றது. சீக்காளிப் பிள்ளைகள் போல மஞ்சள் பூத்த இலைகள். தெருவில் முணுமுணுப்பு கிளம்பியது. சமையல்காரர் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்டேவிட்டார்.

"ஏம்மா, அதுங்க முகமே சரியில்லையே?"

"பசியில இருக்குங்க. விதையில இருந்த சத்து தீர்ந்துபோச்சு. முடிச்சு இன்னும் வேலையை ஆரம்பிக்கல."

"பசியிலயா!"

"ஆமா. பசிச்சாத்தான் வேர் அந்தப் பாக்டீரியாவைக் கூப்பிடும். நல்லாப் பசிக்கட்டும்."

அவள் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அவருக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நல்லாப் பசிக்கட்டும் என்று ஒரு மனுஷியால் எப்படிச் சொல்ல முடிகிறது என்று பூனையிடம் கேட்டார். பூனை இன்னொரு கவளம் வாங்கிக்கொண்டது.

இந்தச் சமயத்தில்தான் அவர் காலை நடையை ஆரம்பித்தார். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியும் அசையாத மனிதர், திடீரென்று விடிந்ததும் கிளம்பிப் போகிறார். செருப்பில் மண்ணோடு திரும்பி வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டே குளிக்கப் போகிறார். டீச்சருக்கு வாயெல்லாம் பல். "எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் விடறதில்லை" என்று தையல்காரியிடம் பெருமை அடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் மேட்டின் நிறம் மாறியது. கீழ்ப்படியும் நடுப்படியும் கருகருவென்று பச்சை பிடித்தன. தட்டைப்பயறு ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படர்ந்து கல்லையெல்லாம் மூடியது. மேல்படி மட்டும் சற்றுப் பின்தங்கி, வெளிர்பச்சையாக, குட்டையாக நின்றது. "டீச்சரம்மா, ஜெயிச்சுட்டீங்க!" என்று தையல்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். டீச்சரும் இடுப்பில் கைவைத்து நின்று அந்தப் பச்சையைப் பார்த்து ரசித்தாள். மேலேயிருந்து கரைந்து வருகிற மண் கீழே தங்குகிறது, அதனால்தான் கீழே செழிப்பு என்று தனக்குத்தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள்.

இங்கேதான் அவள் சறுக்கினாள். இலையைப் பார்த்து ஏமாறக்கூடாது, வேரைப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் அவள். பூ வரும்வரை செடியைப் பிடுங்கித் தொந்தரவு பண்ணக்கூடாது என்பது அவள் அலுவலகத்து வழக்கம். அந்த வழக்கத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வேரைக்கூடத் தோண்டிப் பார்க்கவில்லை. செழிப்பு தன் கெட்டிக்காரத்தனத்தால் வந்தது என்று நினைத்துவிட்டால் யார்தான் தோண்டிப் பார்ப்பார்கள்!

பூ வந்தது. பொறியாளரும் பூங்கா அதிகாரியும் ஒரு காலையில் வந்து இறங்கினார்கள். தெரு முழுக்க வாசலில் நின்றது. சமையல்காரர் விடுப்புப் போட்டுவிட்டு ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தேநீரோடு கீழ்ப்படி ஓரத்தில் நின்றிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

டீச்சர் ஒரு தட்டைப்பயற்றுப் பூவைப் பறித்துப் பொறியாளரின் உள்ளங்கையில் வைத்தாள். "இது கொடி மாதிரி நிக்கிற பெரிய இதழ். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ரெண்டு சிறகு. கீழ ரெண்டு இதழ் ஒட்டிக்கிட்டுப் படகு மாதிரி இருக்கு பாருங்க. அதைத் திறந்தா உள்ள பத்துக் கேசரம். ஒன்பது சேர்ந்து ஒட்டிக்கிட்டு நிக்கும். ஒண்ணு மட்டும் தனியா நிக்கும்."

"அந்தத் தனி ஆள் நான்தான் மேடம்" என்றார் சமையல்காரர். "வீட்டுல எல்லாரும் ஒரு கட்சி."

பொறியாளரே சிரித்துவிட்டார். சுற்றிலும் பார்த்தார். காலால் மண்ணை மிதித்துப் பார்த்தார். நகரவில்லை. "நான் இவ்வளவு எதிர்பார்க்கலம்மா" என்றார். "போதும். பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு. கிளம்பலாம்."

அந்த இடத்தில் டீச்சர் சும்மா இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அவள் பயறு டீச்சர் ஆயிற்றே! "இருங்க மேடம். இலையை வெச்சு நான் யாரையும் ஒத்துக்க வைக்கிறதில்ல. வேரைப் பார்த்துட்டுப் போங்க" என்று சொல்லி, சிறுமண்வெட்டியால் ஒரு செடியைச் சுற்றிக் கொத்தி, மண்ணோடு எடுத்து, பக்கத்து வாளித் தண்ணீரில் அலசி, வெற்றிக் கோப்பையைத் தூக்குவதுபோல் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

வேர் வெள்ளை வெளேரென்று நூலாகத் தொங்கியது. ஒரு முடிச்சுகூட இல்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னொரு செடியைப் பிடுங்கினாள். அதிலும் இல்லை. நடுப்படிக்கு ஓடினாள். எல்லாரும் பின்னாலேயே ஏறினார்கள். அங்கே ஒரு செடியில் கடுகளவில் இரண்டு முடிச்சு இருந்தது. நகத்தால் கீறினாள். உள்ளே வெள்ளை. வேலை செய்யாத முடிச்சு. சவுண்டல் கன்று ஒன்றையும் தோண்டினாள். அதே கதை. தையல்காரி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் கொன்றைக்கும் வேர் இப்படித்தாம்மா இருக்கும்" என்றார் பூங்கா அதிகாரி. குத்திக்காட்டத்தான் சொன்னார் என்று சொல்ல முடியாது. ஆனால் நன்றாகவே குத்தியது.

பொறியாளரின் முகம் பழைய கறாருக்குத் திரும்பியிருந்தது. "முடிச்சு இல்லாம இவ்வளவு பச்சை எப்படி வந்தது? இதுக்குச் சோறு எங்கேருந்து வருது?"

அந்தக் கேள்வி காதில் விழுந்த அதே நொடியில் டீச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சோறு! மெல்லத் திரும்பினாள். புருஷன் கரண்டியும் கையுமாக நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏங்க. காலையில நடக்கப் போனீங்களே, எங்க போனீங்க?"

"நடக்கத்தான்..."

"எங்க?"

"இங்கதான்" என்றார். பிறகு ஒன்றையும் மறைக்கத் தோன்றாமல் கொட்டிவிட்டார். "யூரியா வாங்கி வெச்சிருந்தேன்மா. வாளியில கரைச்சு ஊத்தினேன். கொஞ்சம்தான், தினம் கொஞ்சம்தான். பசியில இருக்குன்னு நீதானே சொன்னே. பச்சைப் புள்ளைங்க மாதிரி வாடிப்போய் நிக்குதுங்க. பார்த்துக்கிட்டு எப்படி இருக்கறது? இது காய்ஞ்சுபோனா தெரு போயிடும். தெரு போனா, நான்தான் வாக்குக் குடுத்தேன்னு நீ உடைஞ்சு போயிடுவே."

டீச்சருக்கு வந்த கோபத்தில் அந்தத் தேநீர்ப் பாத்திரம் தானாகவே கொதித்திருக்கும். "ஊட்டி ஊட்டிக் கெடுத்துட்டீங்களே! மேலேருந்து சோறு கொட்டினா அது எதுக்கு முடிச்சு போடும்? எதுக்கு இன்னொருத்தரை வீட்டுக்குள்ள கூப்பிட்டு வெச்சுச் சமைக்கச் சொல்லும்? வாயைத் திறந்து வாங்கித் தின்னுட்டுச் சும்மாதான் கிடக்கும்!" கையிலிருந்த செடியைக் கீழே எறிந்தாள். "என்மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

"உன்மேல இருக்கும்மா" என்றார் அவர். "அந்த மண்ணுமேலதான் இல்ல."

பொறியாளர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். உரம் இல்லாம பொழைக்கணும். இது உரத்துல வளர்ந்தது. நாளைக்கு உரத்தை நிறுத்தினா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு வருத்தம்தான், ஆனா..."

"நிறுத்துங்க மேடம்" என்றாள் டீச்சர். அதட்டல் மாதிரியே வந்தது. பொறியாளர் நின்றுவிட்டார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையைத் தூக்கி மேல்படியைப் பார்த்தாள். வெளிர்பச்சையாக, குட்டையாக, யாருக்கும் பிடிக்காத பிள்ளைபோல் அது அங்கே இருந்தது. பிறகு புருஷனின் முழங்காலைப் பார்த்தாள்.

"ஏங்க. மேல போனீங்களா?"

"எங்கம்மா போறது? முழங்கால் விட்டாத்தானே. கயிறு வரைக்கும் போவேன், அண்ணாந்து பார்ப்பேன், திரும்பிடுவேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அதுங்க மட்டும் பட்டினியாக் கிடக்குதேன்னு எனக்கு ராத்திரியெல்லாம் ஒரே விசாரம்."

"ஒரு நாள்கூடப் போகலையே?"

"சத்தியமாப் போகலம்மா."

டீச்சரின் முதுகு நிமிர்ந்தது. "மேடம், இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. இன்னும் ஒரு படி ஏறுங்க."

"அங்க என்ன இருக்கு? அது கீழே இருக்கறதுல பாதி உயரம்கூட இல்லையே" என்றார் பூங்கா அதிகாரி.

"பாதி உயரம்தான் சார். அதனாலதான் ஏறச் சொல்றேன்."

பொறியாளர் அவள் முகத்தையே பார்த்தார். என்ன தோன்றியதோ, பையைத் தையல்காரியிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். பின்னாலேயே பூங்கா அதிகாரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். டீச்சர் முன்னால் போனாள். அவளுக்குத் தன் விதை தெரியும், தன் பொடி தெரியும், கஞ்சியில் குழைத்த தன் கையும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் புருஷனின் முழங்காலைப் பற்றி அவளைவிட யாருக்குத் தெரியும்?

மேல்படியில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் தட்டைப்பயறு தரையோடு தரையாகப் படர்ந்திருந்தது. இலை சிறுத்திருந்தது. ஆனாலும் பூ இருந்தது, இரண்டொரு பிஞ்சும் இருந்தது. டீச்சர் மண்வெட்டியைப் பொறியாளரிடம் நீட்டினாள்.

"நான் எடுக்கமாட்டேன். நீங்களே எடுங்க. எதை வேணும்னாலும்."

பொறியாளர் சுற்றுமுற்றும் பார்த்து, இருப்பதிலேயே நோஞ்சானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கறார் பேர்வழி என்று முன்பே சொன்னேனே. மண்டியிட்டு, கல்லை ஒதுக்கி, கொத்தி, மெல்ல இழுத்தார். செடி சுலபத்தில் வரவில்லை. அந்த நோஞ்சான், வெளியே தெரிந்ததைப்போல் மூன்று மடங்கு கீழே ஓடியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபோதுதான் வந்தது. கல்தூளை உதறினார்.

வேர் முழுக்க முடிச்சு. மிளகளவில், அதைவிடப் பெரிதாக, கொத்துக் கொத்தாக, வேரே தெரியாதபடி பிடித்துக்கொண்டிருந்தது.

பூங்கா அதிகாரி "அடேயப்பா!" என்றார். அவர் நல்ல மனிதர்தான் என்று அதையும் முன்பே சொன்னேன்.

"வெறும் முடிச்சாக்கூட இருக்கலாம்" என்றார் பொறியாளர். குரலில் பழைய பிடிவாதம் இல்லை.

"கீறிப் பாருங்க. உள்ள வெள்ளையா இருந்தா வேலை செய்யல. பச்சையா இருந்தா செஞ்சு ஓய்ஞ்சுபோச்சு. சிவப்பா இருந்தா இந்த நிமிஷம் அடுப்பு எரியுதுன்னு அர்த்தம்."

பொறியாளர் ஒரு முடிச்சைப் பிய்த்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பிளந்தார். சிவப்பாக ஒரு சாறு நகத்தில் வழிந்தது. இன்னொன்றைப் பிளந்தார். சிவப்பு. தள்ளிப்போய் வேறு செடியை எடுத்தார், அதிலும் சிவப்பு. ஒரு சவுண்டல் கன்றைக் கெல்லிப் பார்த்தார். அங்கேயும் அதே சிவப்பு. நகரப் பொறியாளர், அத்தனை பெரிய அதிகாரி, கல்தூளில் மண்டியிட்டு உட்கார்ந்து குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகப் பிளந்துகொண்டே இருந்தார்.

"ரத்தம் மாதிரியே இருக்கே" என்றார்.

"நம்ம ரத்தத்துக்குச் சிவப்பு குடுக்கற பொருளுக்கு ஒண்ணுவிட்ட உறவுதான் மேடம் இது" என்றாள் டீச்சர். அதற்குமேல் அவளால் பாடம் நடத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள். சந்தோஷத்தில்தான், அதில் என்ன வெட்கம்?

பொறியாளர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "கீழே இருக்கறதை என்ன பண்ணுவீங்க?"

"மடக்கி மண்ணோட மிதிச்சுட்டு மறுபடி விதைப்பேன். ஊத்தின யூரியா மழையில கரைஞ்சு போயிடும். இந்தத் தடவை அது பசியிலதான் வளரும். வீட்டுக்காரரை நான் பார்த்துக்கறேன்."

"அவரை நல்லாப் பார்த்துக்கங்க" என்றார் பொறியாளர். இன்னொரு முறை சிரித்தார். ஒரே நாளில் இரண்டு முறை! "மேடு உங்களது. தெரு இருக்கட்டும்."

அவர் கயிற்றைப் பிடித்து இறங்கும் முன்பே டீச்சர் மேலேயிருந்து கையைக் குவித்து, "இருக்குது! தெரு இருக்குது!" என்று கத்தினாள். கீழே எழுந்த கூச்சலில் காக்கையெல்லாம் பறந்தன. தையல்காரி பொறியாளரின் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு குதித்தாள். யாரோ தேநீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை.

சமையல்காரர் மட்டும் கயிற்றுக்குக் கீழே தனியாக நின்றிருந்தார். கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள அவருக்கு முகம் இல்லை. டீச்சர் இறங்கி வந்து அவர் எதிரில் நின்றாள். திட்டப்போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். அவள் திட்டவில்லை. கையைப் பிடித்தாள்.

"வாங்க."

"எங்க?"

"மேல."

"முழங்கால்மா..."

"நான் இழுக்கறேன். வாங்க."

ஏறினார்கள். அந்த ஏற்றத்தைப் பார்க்கத் தெருவே அண்ணாந்து நின்றது. ஒரு அடிக்கு ஒரு "அம்மாடி", இரண்டு அடிக்கு ஒரு "ஐயோ". பின்னாலிருந்து யாரோ "மாமா, விடாதீங்க!" என்று கத்தினார்கள். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தார். அவளும் கூட உட்கார்ந்தாள். ஒரு வழியாக மேலே போய்ச் சேர்ந்ததும், பொறியாளர் பிடுங்கிப் போட்டிருந்த செடியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். ஒரு முடிச்சைப் பிளந்து காட்டினாள்.

அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றிலும் இருந்த கல்லைப் பார்த்தார். அண்டாக்கணக்கில் பொங்கிப் போடும் மனிதர், இத்தனை பேர் பசியாறியிருக்கிற ஒரு பந்தியில் யார் பரிமாறினார்கள் என்று தேடுவது போலத் தேடினார்.

"இதுக்கு யாரும் ஒண்ணும் போடலையா?"

"யாரும் போடலங்க."

"ஒரு வாளிகூடவா?"

"ஒரு கை கூட இல்ல."

அவர் கண் கலங்கிவிட்டது. "நான் தினம் கீழ நின்னு அழுதேனே, இதுங்க பட்டினி கிடக்குதுன்னு" என்றார். செடியின் இலையைத் தடவிக்கொடுத்தார். முகம் மெல்ல வாடியது. ஏதோ பெரிய தண்டனையைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறவர் போல, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்போ... நம்ம பொண்ணுக்கு வாரா வாரம் தூக்கு அனுப்பறேனே... அதையும் நிறுத்திடணுமா?"

டீச்சர் அவர் மடியிலிருந்த செடியை எடுத்து, குழி தோண்டி, வேர் மடங்காமல் பக்குவமாக வைத்து மண்ணை மூடினாள். கையைத் தட்டிக்கொண்டு அவர் பக்கத்தில், தோளோடு தோள் உரச, கல்மேல் உட்கார்ந்தாள்.

"அவ என்ன செடியாங்க?" என்றாள். "அனுப்புங்க."